கடுங்குளிரில் பழமரம் வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பனி உருகியதும் ஆப்பிள் கன்று துளிர்க்கிறது, இலை விரிகிறது, சில சமயம் பூவும் வைக்கிறது. ஜூன் நடுவில், வெயில் நன்றாக அடிக்கும் ஒரு வாரத்தில், இலைகள் எல்லாம் சுருண்டு தொங்கிவிடுகின்றன. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மீளவில்லை. பூச்சியா, நோயா என்று தேடத் தொடங்குவார்கள். அந்த மரம் குளிர்காலத்திலேயே செத்துவிட்டது. கட்டையில் சேர்த்து வைத்திருந்த சத்தையும் ஈரத்தையும் கொண்டு கடைசியாக ஒருமுறை துளிர்த்திருக்கிறது. கிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளுப்பாக இருக்க வேண்டிய உள்கட்டை காப்பித்தூள் நிறத்தில் இருக்கும்.

இப்படி இழக்கும் மரங்களில் பெரும்பாலானவை ஜனவரியின் மிகக் குளிர்ந்த இரவில் சாவதில்லை. அக்டோபரில் தூங்கத் தயாராகாத மரமும், பிப்ரவரியில் பாதித் தூக்கத்தில் விழித்த மரமும்தான் சாகின்றன. மரத்தை நேரத்துக்குத் தூங்க வைப்பது, தூங்கியதை எழுப்பாமல் காப்பது: ஆண்டு முழுவதும் செய்யும் வேலைகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான். இதில் சொல்லும் மாதங்கள் வட அரைக்கோளத்துக்கு உரியவை. தெற்கில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள்.

மரம் குளிரைத் தாங்கும் விதம்

கோடை முடிவில் பகல் குறுகத் தொடங்கியதும் மரம் வளர்ச்சியை நிறுத்தி, நுனியில் மொட்டு கட்டிக்கொள்கிறது. இது முதல் கட்டம். லேசான உறைபனி இரவுகள் வரத் தொடங்கியதும் உயிரணுக்களில் சர்க்கரை கூடுகிறது, நீர் குறைகிறது. இது இரண்டாம் கட்டம். இந்த இரண்டையும் முழுமையாகக் கடந்த ஆப்பிள் மரத்தின் உள்கட்டையில், நீர் பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு: சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் உயிரணுவுக்குள்ளேயே பனிக்கட்டி உருவாகி அதைக் கொன்றுவிடும். சைபீரியக் காட்டு ஆப்பிள் இந்த எல்லையையும் கடந்து தாங்கும். அதனால்தான் கடுங்குளிர் ரகங்கள் பலவற்றின் வம்சத்தில் அது இருக்கிறது.

வேரின் கதை வேறு. மைனஸ் 35-ஐத் தாங்கும் கிளையுள்ள மரத்தின் வேர், மண்ணின் வெப்பம் மைனஸ் 10 முதல் 15-க்கு இறங்கினாலே சாகக்கூடும். மரத்தின் மேல்பாதியை ரகம் காப்பாற்றுகிறது, கீழ்பாதியைக் காப்பாற்றுவது மண்ணும் பனிப்போர்வையும்தான். தொட்டியில் வைத்து வெளியில் விட்ட கன்று முதல் குளிர்காலத்திலேயே போவதற்கும் இதுவே காரணம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு எண்கள்

உங்கள் இடத்தில் குளிர் எவ்வளவு கீழே போகும் என்பது முதல் எண். அமெரிக்க வேளாண் துறையின் மண்டலப் பிரிப்பைத்தான் பெரும்பாலான நாற்றங்கால்கள் பின்பற்றுகின்றன. அதில் 4-ஆம் மண்டலம் சுமார் மைனஸ் 34 முதல் 29 வரை, 3-ஆம் மண்டலம் மைனஸ் 40 முதல் 34 வரை, 2-ஆம் மண்டலம் மைனஸ் 46 முதல் 40 வரை. இவை ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரி. சில ஆண்டுகளில் குளிர் அதற்கும் கீழே போகும், மரமோ 30 ஆண்டு நிற்க வேண்டியது. எனவே உங்கள் மண்டலத்தைவிட ஒரு படி கூடுதல் குளிரைத் தாங்கும் ரகத்தையே எடுங்கள்.

இரண்டாவது எண், கடைசி வசந்த உறைபனிக்கும் முதல் இலையுதிர்கால உறைபனிக்கும் இடையிலான நாட்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. 100 நாள்தான் கிடைக்கும் இடத்தில், பூத்து 160 நாளுக்கு மேல் எடுக்கும் கிரானி ஸ்மித் போன்ற ரகம் பழுக்கவே பழுக்காது. அதைவிட மோசம், காயைப் பழுக்க வைக்க அக்டோபர் வரை போராடும் மரம் தூக்கத்துக்குத் தயாராகாமல் குளிரில் மாட்டிக்கொள்ளும். 3-ஆம் மண்டலத்தில் ஆகஸ்டு பாதியிலிருந்து செப்டம்பர் பாதிக்குள் பழுக்கும் ரகங்களே பாதுகாப்பானவை.

ரகத் தேர்வு

ஆப்பிளில் வழி அகலம். மினசோட்டா பல்கலைக்கழகம் 1922-இல் வெளியிட்ட ஹாரல்சன், 1991-இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் இரண்டும் 4-ஆம் மண்டலத்துக்கு நம்பகமானவை. 3-இல் ஹனிகிரிஸ்ப் சில இடங்களில் தாக்குப்பிடிக்கும், சில இடங்களில் அடிபடும். 3-ஆம் மண்டலத்திலும் அதற்குக் கீழும் கனடாவின் குட்லேண்ட், நார்லேண்ட் போன்றவற்றை முதலில் வையுங்கள். ரஷ்யாவின் அந்தோனோவ்கா புளிப்பானது, ஆனால் அசையாத மரம். டோல்கோ என்ற கிராப் ஆப்பிள் (சிறு பழம் தரும் ஆப்பிள் வகை) ஜெல்லிக்கு அருமை, மற்ற ஆப்பிள்களுக்கு மகரந்தமும் கொடுக்கும்.

பேரிக்காயில், வடகிழக்கு ஆசியக் காட்டுப் பேரியான உசூரி பேரியின் கலப்பு ரகங்களான யூர், கோல்டன் ஸ்பைஸ் போன்றவை. சாப்பாட்டுப் பேரியின் மென்மையை இவற்றில் எதிர்பார்க்காதீர்கள், டப்பாவில் அடைக்கவும் சமைக்கவும் நல்லவை. பிளம்ஸில் அமெரிக்கக் காட்டு பிளம்ஸையும் ஆசிய பிளம்ஸையும் கலந்து உருவாக்கியவை உண்டு. அந்தக் கலப்பு ரகங்கள் ஒன்றுக்கொன்று சரியாக மகரந்தம் கொடுக்காது. பக்கத்தில் ஒரு காட்டு பிளம்ஸோ டோகா ரகமோ இல்லையென்றால் வெள்ளைவெளேரென்று பூத்துவிட்டு ஒரு காய்கூடத் தராது.

இனிப்புச் செர்ரியை விட்டுவிடுங்கள். அதன் இடத்துக்குப் புதர்ச் செர்ரி இருக்கிறது: சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் 1999-இல் கொடுத்த கார்மைன் ஜுவல், 2004-இல் கொடுத்த ஜூலியட், ரோமியோ, வாலன்டைன் போன்றவை. தனியாக ஒன்றே இருந்தாலும் காய்க்கும், ஆள் உயரத்துக்கு மேல் அதிகம் போகாது, அடியிலிருந்து புதுத் தண்டு விடும். முதல்முறையாக நடுபவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். மரமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் ஹாஸ்கப் என்ற நீலப்பழப் புதர் இன்னும் எளிது. அதன் பூவே மைனஸ் 7 டிகிரியைத் தாங்கும்.

பாதாமி (ஆப்ரிகாட்) பழத்தின் சிக்கல் குளிர் அல்ல. மஞ்சூரியப் பாதாமியின் கட்டை நல்ல குளிரைத் தாங்கும். ஆனால் அதன் குளிர்த்தேவை, அதாவது தூக்கம் கலைவதற்கு முன் மரம் கடக்க வேண்டிய குளிர்நேரம், சீக்கிரம் நிறைவேறிவிடுவதால், சில நாள் இளவெயில் அடித்தாலே விழித்துப் பூத்துவிடும். அடுத்த உறைபனியில் பூ முழுவதும் கருகும். பத்தில் சில ஆண்டுகள் காய்த்தால் போதும் என்பவர்கள் வைக்கலாம். வெப்பப் பகுதிகளுக்கென்று உருவாக்கிய, குளிர்த்தேவை குறைந்த அன்னா போன்ற ஆப்பிள்களையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள்.

வேர்ச்செடியைக் கேட்டு வாங்குங்கள்

ஒட்டுக்கன்றில் மேலே இருப்பது ஒரு ரகம், கீழே வேராக இருப்பது இன்னொன்று. மேலே எவ்வளவு நல்ல ரகம் இருந்தாலும் கீழே எம்.எம்.106 என்ற வேர்ச்செடி இருந்தால் கடுங்குளிரில் சிக்கல். இலையுதிர்காலத்தில் அது வளர்ச்சியை நிறுத்தத் தாமதிக்கும், மேலே உள்ள ரகத்தையும் தூங்கவிடாது. விதையிலிருந்து வளர்த்த அந்தோனோவ்கா, ரானெட்கா என்ற சிறுபழ ஆப்பிள், சைபீரியக் காட்டு ஆப்பிள் ஆகியவை பெரிய மரத்துக்கு உறுதியான வேர்கள். குட்டை மரம் வேண்டுமென்றால் பூடகோவ்ஸ்கி 9, நடுத்தரத்துக்குப் பூடகோவ்ஸ்கி 118. இரண்டும் ரஷ்யாவின் மிச்சூரின்ஸ்கில் உருவானவை. என்ன வேர்ச்செடி என்று சொல்லத் தெரியாத இடத்தில் கன்று வாங்க வேண்டாம்.

இடம்

குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலத் தாழ்வான பக்கம் வழிந்து தேங்கும். பள்ளத்தின் அடியிலும், சரிவின் கீழே மதிலோ அடர்ந்த வேலியோ மறித்து நிற்கும் இடத்திலும் நடாதீர்கள். சரிவின் நடுப்பகுதி சிறந்தது. வடக்குச் சரிவு வசந்தத்தில் தாமதமாகச் சூடேறும், மரமும் தாமதமாக விழிக்கும். கோடை மிகக் குறுகிய இடமென்றால் மட்டும் பழுக்கத் தேவையான வெப்பத்துக்காகத் தெற்குச் சரிவை எடுத்துக்கொண்டு, தண்டுக்கு வெள்ளை பூசுவதைக் கட்டாயமாக்குங்கள்.

காற்றுத்தடுப்பு வரிசை வேண்டும். காற்றை முழுவதும் மறிக்காமல் பாதியளவு ஊடுருவவிடும் வரிசையே நல்லது. முழுச் சுவர் அடுத்த பக்கத்தில் சுழற்காற்றை உண்டாக்கும். தடுப்புக்கு ஒட்டி நட்டால் அங்கே குவியும் பனியின் எடையில் கிளைகள் முறியும், ஆகவே சில மீட்டர் தள்ளி நடுங்கள். தண்ணீர் தேங்கும் களிமண்ணாக இருந்தால் 30 முதல் 40 செ.மீ. உயர மேடு போட்டு அதன்மேல் நடவு செய்யுங்கள்.

நடவு

இங்கே இலையுதிர்கால நடவு வேண்டாம். வேர் பிடிப்பதற்குள் மண் உறைந்துவிடும். மண்வெட்டி இறங்கும் அளவுக்கு மண் இளகியதும், மொட்டு விரிவதற்கு முன், மண்ணில்லா வேர்க்கன்றை நடுவதே முறை.

1. வேரை 2 முதல் 6 மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் வேர் மூச்சுத்திணறும்.
2. வேர் விரியும் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாகக் குழி எடுங்கள். ஆழம் வேரின் உயரம்தான், அதற்கு மேல் வேண்டாம். ஆழமாகத் தோண்டித் தளர்மண் போட்டால் மரம் பிறகு இறங்கிவிடும்.
3. குழிக்குள் உரமோ எருவோ போடாதீர்கள். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, காற்றிடம் இல்லாமல் காலால் லேசாக மிதியுங்கள்.
4. குட்டை வேர்ச்செடியில் ஒட்டுப்பகுதி தரைக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. இருக்க வேண்டும். மண்ணுக்குள் போனால் மேல் ரகமே வேர்விட்டுக் குட்டைத்தன்மை போய்விடும். விதைவேரில் ஒட்டிய பெரிய மரங்களில் இதையே சாதகமாக்கிக்கொள்பவர்கள் உண்டு: ஒட்டை 5 முதல் 10 செ.மீ. புதைத்தால், தண்டு என்றாவது பனியில் செத்தாலும் அடியிலிருந்து துளிர்ப்பது நல்ல ரகமாகவே இருக்கும். வடிகால் நன்றாக உள்ள மண்ணில் மட்டும் இதைச் செய்யுங்கள்.
5. 15 முதல் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்.
6. 8 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மரத்தூள் அல்லது மரச்சிப்ஸ் மூடாக்குப் போடுங்கள், தண்டைச் சுற்றி 15 செ.மீ. வெறுமையாக விடுங்கள். தண்டை ஒட்டிய மூடாக்கு எலிக்கு வீடாகிவிடும்.

இடைவெளி பெரிய மரத்துக்கு 6 மீட்டர், நடுத்தரத்துக்கு 4, குட்டைக்கு 2.5 முதல் 3, புதர்ச் செர்ரிக்கு 2 மீட்டர். ஆப்பிளுக்கு 30 மீட்டருக்குள் வேறொரு ரகமோ கிராப் ஆப்பிளோ இருக்க வேண்டும்.

தூங்க வைக்கும் வேலை

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். தழைச்சத்து உரம் தேவைப்பட்டால் வசந்தத்தின் தொடக்கத்தில் மட்டும் கொடுங்கள். ஜூன் முடிந்தபின் ஒரு பிடிகூட வேண்டாம், பக்கத்துப் புல்தரைக்குப் போடும் உரமும் மரத்தடிக்கு வரக்கூடாது. இளமரம் ஆண்டுக்கு 30 முதல் 60 செ.மீ., காய்க்கும் மரம் 20 முதல் 30 செ.மீ. வளர்ந்தால் போதும். அதற்கு மேல் போனால் அடுத்த ஆண்டு உரத்தை நிறுத்துங்கள்.

ஜூலை வரை வாரம் ஒருமுறை நன்றாக நனைய நீர் விடுங்கள். ஆகஸ்டு நடுவிலிருந்து, இலை வாடாத அளவுக்குக் குறையுங்கள். ஆகஸ்டு கடைசியில் ஒரு கிளையின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். தயாரான மரத்தில் நுனியில் உருண்டையான, செதில் மூடிய மொட்டு இருக்கும், அதற்குக் கீழே குச்சி விறைப்பாகப் பழுப்பேறியிருக்கும். நுனியில் இன்னும் இளம்பச்சை இலை விரிந்துகொண்டிருந்து, குச்சி வளைத்தால் ஒடியாமல் மடங்கினால், அந்த மரம் பின்தங்கிவிட்டது. உடனே நீரை நிறுத்துங்கள், இளநுனிகளைக் கிள்ளி விடுங்கள்.

இலை முழுவதும் உதிர்ந்த பிறகு, மண் உறைவதற்கு முன், ஒருமுறை தாராளமாக நீர் பாய்ச்ச வேண்டும். சிறு மரத்துக்கு 40 முதல் 50 லிட்டர். இது முரணாகத் தோன்றும். ஆனால் அப்போது மரம் தூங்கிவிட்டது, இந்த நீரால் துளிர்க்காது. ஈரமண் வறண்ட மண்ணைவிட மெதுவாகக் குளிரும். குளிர்காலக் காற்று கிளையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்போது அதை ஈடுகட்டவும் இது உதவும்.

காய்ப்பும் இதில் சேரும். முதல் இரண்டு ஆண்டு பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். பிறகும் ஒரு கொத்துக்கு ஒன்று, 15 செ.மீ.க்கு ஒன்று என்று விடுங்கள். கிளை தாங்காத அளவுக்குக் காய்த்த மரம் சேமிப்பு ஏதும் இல்லாமல் குளிர்காலத்துக்குள் போகிறது. பெரும் விளைச்சலுக்கு அடுத்த குளிர்காலத்தில் மரங்கள் சாவது இதனால்தான்.

குளிர்காலக் காப்பு

பிப்ரவரி மாலை வெயில் தண்டின் தென்மேற்குப் பக்கத்தில் விழும்போது பட்டை காற்றைவிட மிகவும் சூடாகி, உள்ளே உயிரணுக்கள் விழிக்கின்றன. சூரியன் மறைந்ததும் அதே பட்டை சில நிமிடங்களில் உறைகிறது. வசந்தத்தில் அந்தப் பக்கம் பட்டை குழிந்து, பிளந்து, உரிந்து வரும். நவம்பரில் வெள்ளை நீர்வழி பெயின்ட்டைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, தரையிலிருந்து கீழ்க்கிளைகளின் கவட்டை வரை பூசுங்கள். எண்ணெய் பெயின்ட் பட்டையைக் கெடுத்துவிடும். தண்டுக்குச் சுற்றும் உறை போட்டால் வெளிர் நிறத்தில் போட்டு, வசந்தத்தில் கழற்றிவிடுங்கள்.

எலியும் முயலும் குளிரைவிட அதிக மரங்களைக் கொல்லும் ஆண்டுகள் உண்டு. 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலையை 25 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள உருளையாக்கி, அடியை 5 முதல் 8 செ.மீ. மண்ணில் புதைத்து, வழக்கமான பனி உயரத்துக்கு மேல் இன்னும் 60 செ.மீ. நிற்கும்படி வையுங்கள். முயல் பனியின் மேல் நின்றுதான் கடிக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் பலர் குட்டையாகப் போட்டுவிடுகிறார்கள்.

பனியை ஆப்பிளின் அடியிலிருந்து தள்ளிவிடாதீர்கள். 30 செ.மீ. தளர்பனி வேருக்கு நல்ல கம்பளி. ஆனால் பிளம்ஸ், பாதாமி வகைகளில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. மண் உறைவதற்கு முன்பே கனமான பனி விழுந்து மூடினால், தண்டின் அடியில் வெப்பம் பூஜ்யத்திலேயே நின்று ஈரத்தில் பட்டை அவிந்துபோகும். மேலே கிளை நன்றாக இருக்கும், அடியில் வளையமாகப் பட்டை செத்திருக்கும். அவற்றை 40 முதல் 50 செ.மீ. மேட்டில் நடுங்கள். முதல் பனியைத் தண்டைச் சுற்றி மிதித்து இறுக்கினால் குளிர் உள்ளே இறங்கி மண் உறையும், எலியின் வழியும் அடைபடும்.

கவாத்து

இலையுதிர்காலத்தில் வெட்டவே கூடாது. வெட்டிய இடத்தைச் சுற்றிக் குளிர்த்தாங்கும் திறன் குறைந்துவிடும். கடுங்குளிர் கடந்தபின், மொட்டு விரிவதற்கு முன் வெட்டுங்கள். இளமரத்தில் கிளைக்கும் தண்டுக்கும் இடையே 60 டிகிரி கோணம் வரும்படி குச்சி கொடுத்து விரித்துவிடுங்கள். குறுகிய கவட்டை கடைசியாகத்தான் முதிரும், குளிர் முதலில் அடிப்பதும் அங்கேதான்.

பூக்கும்போது வரும் உறைபனி

மொட்டு விரிய விரியத் தாங்கும் திறன் வேகமாகக் குறைகிறது. ஆப்பிளில் மொட்டு நுனி வெள்ளி நிறமாகும்போது சுமார் மைனஸ் 9 டிகிரியில்தான் பத்தில் ஒரு மொட்டு சாகும். பச்சை நுனி தெரியும்போது மைனஸ் 8, முழுப் பூவில் மைனஸ் 2. முழுப் பூவில் மைனஸ் 4 தொட்டால் பத்தில் ஒன்பது போய்விடும். உறைபனி அறிவித்த நாளில் பகலிலேயே மண்ணை நனைத்து வையுங்கள். சிறு மரத்தைச் சூரியன் மறைவதற்கு முன் தரை வரை தொங்கும் துணியால் மூடினால் மண்ணின் வெப்பம் உள்ளே தங்கும், காலையில் எடுத்துவிடுங்கள். தெளிப்பு நீர் பயன்படுத்துவதாக இருந்தால் பனிக்கட்டி முழுவதும் உருகும் வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நிறுத்தினால் ஆவியாகும் நீர் வெப்பத்தை இழுத்து, ஒன்றும் செய்யாததைவிட அதிகச் சேதம் தரும்.

அடிபட்ட மரத்தைச் சோதித்துச் சரிசெய்தல்

மார்ச்சில் சில குச்சிகளை வெட்டி, அறை வெப்பத்தில் தண்ணீரில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு கூரான பிளேடால் மொட்டை நடுவில் குறுக்காக வெட்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர், நடுவில் கரும்புள்ளி இருந்தால் அந்தப் பூமொட்டு போய்விட்டது. பட்டையை நகத்தால் சுரண்டும்போது அடியில் பச்சைப் படலம் இருந்தால், உள்கட்டை பழுப்பேறியிருந்தாலும் மரம் பிழைக்க வாய்ப்புண்டு. அது மேலே புதுக்கட்டை போட்டுக்கொள்ளும். அப்படிப்பட்ட மரத்தை ஜூன் பாதி வரை வெட்டாமல் காத்திருங்கள், அந்த ஆண்டு காய்க்க விடாதீர்கள், வறட்சி தட்டாமல் பாருங்கள்.

எலி தண்டைச் சுற்றிலும் கடித்திருந்தால் பாலம் போட்டு ஒட்டலாம். குளிர்காலத்தில் எடுத்துக் குளிரில் ஈரமாக வைத்த, பென்சில் கனமுள்ள குச்சிகளை வசந்தத்தில் பட்டை எளிதாகக் கழன்றுவரும் சமயத்தில், காயத்துக்குக் கீழே ஒரு முனையும் மேலே மறுமுனையும் பட்டைக்குள் செருகுங்கள். குச்சி தலைகீழாகிவிடக்கூடாது. சிறு ஆணி அடித்து மெழுகு பூசி, 5 செ.மீ.க்கு ஒன்றாகச் சுற்றிலும் வையுங்கள்.

மண்டலத்துக்கு மீறிய ரகம் வேண்டுமென்றால்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டோல்கோ அல்லது ரானெட்காவை முதலில் நட்டு, மூன்றாம் ஆண்டில் அகன்ற கோணமுள்ள நான்கைந்து கிளைகளைத் தேர்ந்து, தண்டிலிருந்து 30 முதல் 40 செ.மீ. தள்ளி விரும்பிய ரகத்தை ஒட்டுவது. தண்டும் கவட்டையும்தான் குளிரில் அதிகம் அடிபடும் பாகங்கள். அவை முரட்டு மரத்தினுடையதாக இருக்கும். ஒட்டிய கிளை போனாலும் மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கிளையை ஒட்டாமல் விட்டால் அதுவே மகரந்தம் கொடுக்கும்.

மற்றொன்று சைபீரியாவில் பெரிய பழ ரகங்களுக்குக் கையாண்ட தரைப்படர்ப்பு முறை. கன்றைச் சாய்வாக நட்டு, தண்டை 20 செ.மீ. உயரத்துக்குள் கிடையாக வளைத்து, கிளைகளை மரக்கொக்கிகளால் தரையை ஒட்டிப் பரப்புவார்கள். கோடையில் நுனிகளைச் சற்று மேலே எழவிட்டு, செப்டம்பரில் குச்சி இன்னும் வளையும்போதே தாழ்த்திக் கட்டிவிட வேண்டும். உறைந்தபின் வளைத்தால் முறியும். ஆண்டுதோறும் 40 செ.மீ.க்குக் குறையாத பனி நிற்கும் இடத்தில் மட்டும் இது பலிக்கும். பனி காற்றில் அடித்துப் போகும் இடமென்றால் மரத்தின் மேல் காய்ந்த செடித்தண்டுகளைப் பரப்பி வையுங்கள், பனி அதில் சிக்கித் தங்கும். மரம் முழுவதும் எலிக்கு எட்டும் உயரத்தில் கிடப்பதால் கம்பிவலையை ஒவ்வொரு கிளையின் அடிக்கும் போட வேண்டியிருக்கும்.